உள்ளத்தை ஆய்ந்த மருத்துவர்

மனம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். மனம் மகிழ்ந்தது என்கின்றோம். மனம் நொந்தது என்கின்றோம். மனம்போன போக்கில் திரிகின்றான் என்று சிறுவனைக் கடிந்துகொள்கின்றோம். ஆயினும் அம்மனத்தைக் கண்ணாற் கண்டவர் ஒருவரும் இலர். கையால் தொடவும் தராசில் நிறுக்கவும் கோலால் அளக்கவும் இயலாத அதனை ஒருவர் ஆராய்வது எங்ஙனம்? இவ்வினா மிகப் பழமையானது. உள்ளத்தில் நிகழ்வன உடம்பின்வழியே புறத்தார்க்குப் புலனாகும் என்பதனை நன்குணர்ந்த தொல்காப்பியர், மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவை ஒவ்வொன்றும் நந்நான்கு காரணம்பற்றிப் பிறக்கும் என்று மெய்ப்பாட்டியலில் காட்டினார். அவ்வியலுக்கும் இக்காலத்து உளநூலுக்கும் நேரான தொடர்பு இல்லை. எனினும், புறத்தே தோன்றும் குறிகொண்டு அகத்தே நிகழ்வதனை அறிதல் என்னும் தொடக்கம் இரண்டற்கும் ஒன்றே. இவ்வுளநூலை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்த பெரியோருள் ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்த மருத்துவர் கிரீந்திரசேகர போஸ்.

போஸ் 1887-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் சந்திரசேகர போஸ், பீகாரிலுள்ள தர்பங்கா அரசரிடம் உயர்ந்த அலுவலில் அமர்ந்திருந்தவர். உடன்பிறந்தாருள் கிரீந்திரசேகரரே இளையவர். அவர்தம் தமையனார் இராசசேகர போஸ் வேதியியல் கற்றவர். எனினும் நகைச்சுவைக் கதைகளாலும், தாம் தொகுத்த வங்கமொழி அகராதியாலுமே பெரும்புகழ் எய்தினார். தமையனாரும் தம்பியும் இறுதிவரை ஒருவர்க்கொருவர் உறுதுணையாய் வாழ்ந்தனர். அத்துணையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

இளமையில் போஸின் உள்ளத்தைக் கவர்ந்தது மாயவித்தை. கண்கட்டு வித்தைகளையும், அறிதுயில் எனப்படும் வசிய முறையையும் அவர் விருப்பத்துடன் பயின்றார். இதனை விளையாட்டென்று ஒதுக்குதல் கூடாது. வித்தைக்காரன் உள்ளங்கையில் காசை மறைக்கும்பொழுது அவன் நம் கண்ணை ஏமாற்றுவதில்லை. நம் கவனத்தையே ஏமாற்றுகின்றான். காண்போர் எதனை எதிர்பார்க்கின்றனரோ அதனையே காண்பர் என்னும் உண்மையின்மேல் நிற்பது அவன் கலை. பிற்காலத்தில் உளநூல் வல்லுநராய போஸ் இவ்வுண்மையைத் தம் இளமையிலேயே கைப்பழக்கமாக அறிந்திருந்தார்.

மாநிலக் கல்லூரி எனத் தக்க கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் அறிவியல் கற்று 1905-இல் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1910-இல் மருத்துவரானார். அவரிடம் வந்த நோயாளருள் சிலரது நிலை அவரைச் சிந்தனையில் ஆழ்த்தியது. உடம்பில் யாதொரு பழுதும் இல்லை. ஆயினும் கை எழவில்லை, உறக்கம் வரவில்லை, காரணமற்ற அச்சம் நெஞ்சை அரித்துத் தின்றது. இத்தகையோர்க்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்று கண்ட போஸ், முதலில் அறிதுயில் முறையைக் கையாண்டார். பின்னர் அவர்களைத் தடையின்றிப் பேசவிட்டுக் கேட்கலானார். ஏறத்தாழ இக்காலத்தில் ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரத்தில் சிக்மண்ட் ஃபிராய்டு என்பார் இதனையொத்த முறையைக் கையாண்டு பல நூல்கள் இயற்றிவந்தார். அவற்றுள் ஆங்கில வடிவில் இந்தியாவை எட்டியவை மிகச் சிலவே. ஆதலின் போஸ் தம் பாதையைப் பெரும்பாலும் தாமே வெட்டிக்கொண்டு நடந்தார்.

இங்கே உளநூல் தனியொரு துறையாய வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். நெடுங்காலம் அது தத்துவ நூலின் ஒரு கிளையாகவே இருந்தது. அறிஞர் தம் அறையில் அமர்ந்து, தம் மனத்தைத் தாமே நோக்கி, கண்டதனை எழுதினர். ஒருவர் கண்டதற்கு மற்றொருவர் கண்டது மாறுபடின் தீர்ப்பளிப்பார் இலர். செருமனியில் வில்லெல்ம் வுண்ட் என்பவர் (1832–1920) 1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளநூற்கெனத் தனியே ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். ஒளி தோன்றியதற்கும், அதனைக் கண்டவர் கையசைத்ததற்கும் இடையே செல்லும் காலத்தைக் கருவி கொண்டு அளந்தார். மனத்தைத் தொட இயலாது. ஆயினும் அதன் செயல் எடுத்துக்கொள்ளும் காலத்தை அளக்கலாம் அன்றோ!

இதனை எந்தப் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். ஒரு மாணவன் அளவுகோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்க, மற்றொருவன் அதன் கீழ்நுனியில் விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். முன்னவன் சொல்லாமல் விட, பின்னவன் சட்டெனப் பற்ற வேண்டும். கோல் 20 செ.மீ. வீழ்ந்தபின் பற்றினான் எனின், அவன் கண் கண்டு, உள்ளம் துணிந்து, விரல் மூடுதற்கு ஆன காலம் ஏறத்தாழ 0.2 நொடி என்று கணக்கிடலாம். ஒருமுறை செய்து முடிவு கூறுதல் ஆகாது. பலமுறை செய்து சராசரி காணவேண்டும். காலையிற் செய்தவனுடன் உணவுண்டு உறக்கம் வரும் வேளையிற் செய்தவனை ஒப்பிடுதலும் ஆகாது. பிறவெல்லாம் ஒத்திருக்க ஒன்றனை மட்டும் மாற்றிப் பார்த்தலே சோதனை எனப்படும்.

வங்கநாட்டில் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் உளநூற்குத் தனித்துறை அமைத்தது. ஆசுதோஷ் முகர்சியின் ஊக்கமும், தத்துவப் பேராசிரியர் பிரசேந்திரநாத் சீலின் பாடத்திட்டமும் அதற்கு அடிகோலின. அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அத்துறையின் பொறுப்பை ஏற்று ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். அங்கே தொடக்கத்திலேயே மாணவராய்ச் சேர்ந்தவருள் ஒருவர் போஸ். நோயாளர் நிறைந்த மருத்துவத் தொழிலை உடையவர், முப்பது வயதை நெருங்கும் பருவத்தில், இளைஞரோடு இளைஞராய் விசிப்பலகையில் அமர்ந்து பாடங் கேட்டார். 1917-இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்று, பயின்ற இடத்திலேயே விரிவுரையாளரும் ஆனார். 1921-இல், நனவிலி மனத்தில் எண்ணங்கள் ஒடுக்கப்படுதல்பற்றி அவர் எழுதிய ஆய்வுரைக்காகப் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளநூற்கென இப்பட்டம் பெற்றவருள் முதல்வர் அவரே.

அவ்வாய்வுரையைப் போஸ் ஃபிராய்டுக்கு அனுப்பினார். முன்பின் அறியாத கீழைநாட்டிலிருந்து தம் துறையில் ஒரு நூல் வந்தது கண்டு ஃபிராய்டு வியந்து விடையெழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருகாலும் நேரில் சந்தித்திலர். நேரிற் காணாமலே நட்புக்கொண்ட கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் இந்நட்பில் உடன்பாட்டினும் கருத்து வேறுபாடே மிகுதி.

1922-இல் போஸ் தம் இல்லமாகிய பார்சிபாகன் சந்து 14-ஆம் எண் மனையில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். தொடக்க உறுப்பினர் பதினைவர். அவருள் இருவர் ஆங்கிலேயர். மற்றையோர் பெரும்பாலும் மருத்துவரும் ஆசிரியருமாய இந்தியர். விரைவிலேயே அக்கழகம் உலகக் கழகத்தின் உறுப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டே ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. ஃபிராய்டின் உருவத்தைக் கண்டிராத வங்க ஓவியர் ஒருவர், அவர்தம் கருத்துக்களைக் கொண்டே அவர் முகத்தைக் கற்பனை செய்து வரைந்தார். அவ்வோவியம் வியன்னாவுக்கு அனுப்பப்பட்டது. அதனைக் கண்ட ஃபிராய்டு, தாம் முழுமையான ஆங்கிலேயராக வரையப்பட்டிருப்பதாகத் தம் நண்பர்க்கு எழுதி நகைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் வாழ்ந்த ஓவியர்க்கு மேனாட்டறிஞர் என்றவுடன் ஆங்கிலேயர் முகமே தோன்றியதுபோலும்.

இனி, போஸின் கொள்கை யாது என்பதனைக் காண்போம். ஒவ்வோர் ஆசையும் தனியே பிறப்பதில்லை. தனக்கு எதிரான ஆசையோடு இரட்டையாகவே பிறக்கின்றது என்றார் அவர். ஒருவனை அடிக்க விழைபவன் உள்ளத்தின் அடியில் அடிபட விழையும் ஆசையும் உறைகின்றது. ஒன்று மேலே தோன்ற, மற்றொன்று மறைந்து நிற்கும். முன்னாளில் நம் உழவர் கிணற்றில் நீர் இறைத்த ஏற்றத்தை நினைவிற் கொள்க. துலாவின் ஒருமுனை மேலெழும்பொழுது மறுமுனை கிணற்றுள் இறங்கும். இறங்கியது இல்லாமற் போய்விடுவதில்லை. மறைந்த ஆசையை நோயாளர் மெல்ல உணர்ந்து, எதிர்நிலையில் தம்மை வைத்துப் பார்க்கக் கற்பாராயின் உள்ளப் போராட்டம் தணியும் என்பது போஸின் மருத்துவ முறை. ஃபிராய்டு இக்கொள்கையைப் புறக்கணிக்கவில்லை. முழுதும் ஏற்கவும் இல்லை.

வேறுபாடு இதனோடு நிற்கவில்லை. வியன்னா நோயாளரிடம் ஃபிராய்டு கண்ட சில அச்சங்களும் ஏக்கங்களும் தம்மிடம் வந்த இந்திய நோயாளரிடம் அதே வடிவில் காணப்படவில்லை என்று போஸ் கண்டார். 1929-இல் தம் கட்டுரைகளை அனுப்பி இதனை ஃபிராய்டுக்குத் தெரிவித்தார். பெரும்புகழ் வாய்ந்த ஆசானை மறுத்தெழுத அஞ்சாமை ஒருபுறம் நிற்க, இதில் ஆய்வு முறைபற்றிய ஆழ்ந்த உண்மை ஒன்று பொதிந்துள்ளது. ஓர் ஊரில், ஒரு வகுப்பாரிடம், சில பேரிடம் கண்டதனை மாந்தர் அனைவர்க்கும் உரியதென்று கொள்ளலாகுமோ? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அரிசி ஒன்றாய், தீயும் ஒருபடித்தாய் இருந்தால் அன்றோ அது பொருந்தும்! தேர்ந்தெடுத்த சிலர் உண்மையில் பலர்க்கும் பதிலாக நிற்கத் தக்கவரோ என்று வினவுதல் உளநூலார் முதற் கடமை. இந்நூற்றாண்டில் இவ்வினா மேலைநாட்டு ஆய்வாளரிடையேயும் வலுத்துள்ளது. அமெரிக்கக் கல்லூரி மாணவரை மட்டும் ஆராய்ந்து உலகத்தார் இயல்பைக் கூறுதல் தகாது என்று அவர்களே எழுதுகின்றனர்.

எனினும், நடுநிலையோடு நோக்கின் போஸின் சான்றுகளும் குறையுடையனவே. அவர் கையாண்டது தனியாள் வரலாற்று முறை. ஒரு நோயாளரைத் திங்கட்கணக்கில் கேட்டு ஆழமாக அறிவதற்கு அதனினும் சிறந்த முறை இல்லை. ஆயின், கேட்பவரும் அவரே, விளக்குபவரும் அவரே, நோய் தீர்ந்ததென முடிவு செய்பவரும் அவரே. கொள்கையுடையார் கண்ணுக்குக் கொள்கைக்கு இசைந்தவையே மிகுதியாகத் தென்படும். மாயவித்தை பயின்ற போஸ் இதனை அறியாதவர் அல்லர். ஆயினும் நோயாளர் அறையில் இதனின்று தப்பும் வழி எளிதன்று.

அவ்வழி எத்தகையது என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள கிளியனூர் போன்றதோர் ஊரில், வல்லாரைக் கீரை உண்டால் நினைவாற்றல் பெருகும் என்று பெரியோர் கூறுவர். வல்லாரை உண்ட மாணவன் ஒருவன் தேர்வில் முதல்வனாய் வந்தான் எனின் அஃது உறுதியாயிற்று என்று ஊரார் மகிழ்வர். உளநூலார் அங்ஙனம் மகிழார். அவன் இயல்பாகவே கூரிய அறிவினனோ? பிள்ளைக்குக் கீரை சமைத்துத் தரும் தாய், அவனை அருகிருத்திப் படிக்கவும் வைத்தாளோ? ஆதலின், கீரை நினைவைப் பெருக்கும் என்பதனைக் கருதுகோளாக வைத்து, மாணவர் அறுபதின்மரைத் திருவுளச்சீட்டால் இருகூறாகப் பிரித்தல் வேண்டும். ஒரு கூற்றார்க்கு வல்லாரைத் துவையலும், மற்றவர்க்கு நிறத்தாலும் சுவையாலும் அதனையொத்த வேறு துவையலும் குறித்த காலம் வரை கொடுக்க வேண்டும். எவர் எதனை உண்டார் என்பது உண்டவர்க்கும் தெரிதல் கூடாது. மனப்பாடம் கேட்டு மதிப்பெண் இடும் ஆசிரியர்க்கும் தெரிதல் கூடாது. வல்லாரை பெறாமல் ஒப்பீட்டிற்காக நிற்கும் இரண்டாம் கூற்றாரே கட்டுப்பாட்டுக் குழுவினர். ஈற்றில் இருகூற்றார் மதிப்பெண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு தற்செயலாய் வரக்கூடியதோ அன்றோ என்பதனைப் புள்ளியியல் கொண்டு கணித்தல் வேண்டும். சீட்டுக் குலுக்குதல் எதற்கெனின், அறிவுடையாரும் அல்லாரும், செல்வரும் வறியரும் இருபுறமும் கலந்து நிற்றற்பொருட்டே.

இத்தகைய சோதனைகள் ஃபிராய்டின் கொள்கைகள்மேல் பிற்காலத்தே நடத்தப்பெற்றன. அவற்றுட் பல சோதனைக்கே உட்படாவகையில் அமைந்திருந்தன என்பதும், வேறு சில சோதனையில் நிலைபெறவில்லை என்பதும் இன்று பலரும் ஒப்பும் செய்தி. எந்நிகழ்ச்சி நேரினும் அதற்கொரு விளக்கம் தரவல்ல கொள்கை வலியதுபோலத் தோன்றும்; உண்மையில் அதுவே அதன் மெலிவு. நாம் அறியாமலே நம் உள்ளத்துள் பல செயல்கள் நிகழ்கின்றன என்னும் பொதுக்கருத்து மட்டும் வேறு வழிகளால் உறுதிப்பட்டுள்ளது. போஸின் எதிர் ஆசைக் கொள்கை இன்று பெரிதும் கற்பிக்கப்படுவதில்லை.

ஆயின், அவர் புகழ் கொள்கையால் மட்டும் நிற்பதன்று. அந்நாளில் மனநோய் என்றால் உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பியுமே மக்கள் நினைவுக்கு வரும். சென்னையில் 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் மனநோயாளர் மருத்துவமனை அமைந்தது; அவ்வூரின் பெயரையே இகழ்ச்சிச் சொல்லாக வழங்கும் தீய வழக்கம் நம்மிடையே இன்றும் ஒழியவில்லை. அங்ஙனம் ஏளனத்திற்கு அஞ்சியே பலர் நோயை மறைத்து முற்றவிட்டனர். போஸ் இதற்கொரு மாற்றுக் கண்டார். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து பெற மக்கள் வந்து செல்லும் பொது மருத்துவமனையிலேயே மனநோய்க்கும் ஒரு பகுதி இருத்தல் வேண்டும் என்று துணிந்து, 1933-ஆம் ஆண்டு மேத் திங்கள் முதல் நாள் கல்கத்தாக் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் புறநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. உள்ளே அடைபடாமல், காலையில் வந்து மருத்துவரிடம் பேசி, மாலையில் இல்லம் திரும்பும் உரிமை நோயாளர்க்குக் கிடைத்தது.

இது சிறு செயல் என்று எண்ணற்க. அதற்கு 68 ஆண்டுகளுக்குப் பின்னர், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. நோயாளர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடுத்துள்ளது.

1940-இல் கல்கத்தாவில் லும்பினிப் பூங்கா என்னும் மனநோய் மருத்துவமனையைப் போஸின் கழகம் நிறுவியது. புத்தர் பிறந்த வனத்தின் பெயரை அதற்கு இட்டனர். இடத்தை மனமுவந்து அளித்தவர் தமையனார் இராசசேகரரே. மூன்று நோயாளருடன் தொடங்கிய அம்மனை பின்னர் வளர்ந்து மாநில அரசின் பொறுப்பில் வந்தது.

சென்குப்தா இலக்குமணபுரிக்குச் சென்றபின் பல்கலைக்கழகத்து உளநூல் துறைக்குப் போஸே தலைவராகி 1949 வரை பணியாற்றினார். இதற்கிடையே மைசூரில் 1924-இலும் சென்னையில் 1943-இலும் பல்கலைக்கழகங்கள் உளநூல் துறைகளை ஏற்படுத்தின. 1938-ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழா நடந்தபொழுது யுங், ஸ்பியர்மன், மையர்சு முதலிய உலகப் புகழ்பெற்ற உளநூலார் கடல்கடந்து வந்தனர். நோயாளரை மட்டும் நோக்காது, தொழிலாளர், மாணவர் ஆகியோர்க்கும் உளநூல் பயன்படவேண்டும் என்று கருதிய போஸ், அவ்வாண்டே பயன்முறை உளநூற்கெனத் தனிப்பிரிவு அமைத்தார். 1947-இல் சமீட்சா என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். கனவுகளைப்பற்றி வங்கமொழியில் ஒரு நூலும், புராணங்களை ஆராய்ந்து ஒரு நூலும் எழுதினார். பதஞ்சலியின் யோக சூத்திரத்திற்கு உளநூல் நோக்கில் விளக்கமும் வரைந்தார். செவ்வெறும்பும் கட்டெறும்பும் போர்செய்வதாகச் சிறுவர்க்கு அவர் எழுதிய கதை, வங்கப் பிள்ளைகள் விரும்பிப் படிப்பது. போஸ் 1953-ஆம் ஆண்டு சூன் 3-ஆம் நாள் மறைந்தார்.

1931-இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குப் போஸும் கழகத்தாரும் ஒரு பரிசில் அனுப்பியிருந்தனர். அனந்தன்மேல் வீற்றிருக்கும் திருமாலின் தந்தச் சிற்பம் அது. ஃபிராய்டு அதனைத் தம் எழுதுமேசைமேல் வைத்துக்கொண்டார். சின்னாட்களில் அதன்கண் வெடிப்புத் தோன்றக் கண்டு, கல்கத்தாவின் வெம்மைக்குப் பழகிய கடவுளுக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒவ்வவில்லையோ என்று நாட்குறிப்பில் ஐயுற்று எழுதினார். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1938-இல் அவர் வியன்னாவை விட்டு இலண்டனுக்குக் குடிபெயர்ந்தபொழுது அச்சிற்பமும் உடன் சென்றது. அவர் வாழ்ந்த அவ்விலண்டன் இல்லம் இன்று காட்சிச்சாலையாக உள்ளது; அங்கே அவருடைய மேசைமேல் அச்சிற்பத்தைக் காணலாம்.